செக்கர் அக்காவின் சந்தேகம்

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை. ஆளின் முழியைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவரைக் கண்டுபிடித்துவிடுவாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. அதனால் சொந்தபந்தம் எல்லாருக்கும் அவள் செக்கர் அக்காதான்.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து, வீட்டுக்குக் கூட்டிவந்த கையோடு அதன் உடம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கண்ணின் வெள்ளைகூட மஞ்சள். பால் குடிக்க எழுப்பினால் துவண்டு விழுந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்கே ஓடினார்கள்.

நர்ஸ் குழந்தையின் மூக்கருகே மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, பக்கத்திலிருந்த கருவியைப் பார்த்தாள். "மூச்சுல கார்பன் மோனாக்சைடு அதிகமா இருக்கே" என்றாள்.

செக்கர் அக்காவுக்குச் சுருக்கென்றது. சைலன்சரிலிருந்து வருகிற விஷப்புகை அல்லவா அது! தங்கை புருஷன் கார் மெக்கானிக். கீழே ஷெட், மாடியில் வீடு.

"மாப்பிள்ளை, மூடின ஷெட்டுக்குள்ள எஞ்சினை ஓடவிட்டீங்களா?"

"இல்ல அண்ணி. வாசல்லதான்."

"அப்புறம் ஏன் முழிக்கிறீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அது போதும் அவளுக்கு.

டாக்டரம்மா வந்து, குழந்தையோடு ஒட்டிப் படுத்திருந்த தங்கையையும் கருவியில் ஊதச் சொன்னாள். சுத்தமாக இருந்தது. "வீட்டுக் காத்துல புகை இருந்தா அம்மா மூச்சுலயும் காட்டணுமே. இது குழந்தையோட ரத்தத்துல இருந்தே வருது. அம்மா ரத்தமும் புள்ள ரத்தமும் ஒத்துக்கல. சிவப்பணு உடையறப்போ மஞ்சளும் உண்டாகும், இந்த வாயுவும் உண்டாகும். மஞ்சள் மூளைக்கு ஏறினா காது போகும், கை கால் இழுத்துக்கும். மஞ்சளை இறக்குற நீல விளக்கு மட்டும் போதாது, உடனே ரத்தம் மாத்தணும்."

பச்சைக் குழந்தைக்கு ரத்தம் மாற்றுவதா? இப்போது சந்தேகம் டாக்டரம்மா மேல் திரும்பியது. "இன்னொரு இடத்துல கேட்டுட்டுச் செய்யலாம்" என்று வழிமறித்து நின்றாள். தங்கை அழுதாள். பேச்சு இழுத்துக்கொண்டே போனது.

அதுவரை அவள் எதிரே குரல் உயர்த்தாத மாப்பிள்ளை முன்னால் வந்தான். "என்னை எவ்வளவு வேணும்னாலும் சந்தேகப்படுங்க அண்ணி. புள்ளைக்கு நேரமில்ல. டாக்டர், நீங்க மாத்துங்க."

மாற்றினார்கள். மஞ்சள் இறங்கியது. குழந்தை வீறிட்டுப் பால் கேட்டபோது மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து அழுதான்.

சில மாதம் கழித்துப் பரிசோதித்ததில் கை காலில் குறையில்லை. காது மட்டும் கொஞ்சம் மந்தம். கருவி மாட்டினால் கேட்கும் என்றார்கள்.

செக்கர் அக்கா டாக்டரம்மாவைத் தனியே பிடித்தாள். "அன்னைக்கு நான் மறிச்சு நின்னதாலயா?"

"தெரியாதும்மா. வரும்போதே ரொம்ப ஏறியிருந்தது. அதனாலயும் இருக்கலாம்."

அவள் அந்த முகத்தையே உற்றுப் பார்த்தாள். பொய் சொல்கிற முழி இல்லை. ஆறுதலுக்குச் சொன்னதோ என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

அன்று அவள் மறித்து நின்றதைப் பற்றி மாப்பிள்ளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் அவளை அரித்தது.