இடது பக்கம் திரும்பாத வண்டி

அண்ணன் போய்ப் பதினேழாவது நாள் வேலைக்குத் திரும்பினேன். அன்றைக்கு முதல் டெலிவரியிலேயே ஒரு சிக்னலில் மாட்டிக்கொண்டேன்.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. பின்னால் ஆறு ட்ரே சாம்பார் சாதம், இரண்டு ட்ரே உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பெரிய பாத்திரத்தில் ரசம். இடது பக்கம் திரும்ப வேண்டும். அமெரிக்காவில் வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போவதால், இடது பக்கம் திரும்ப எதிரே வருகிற வண்டிகளைத் தாண்ட வேண்டும். பச்சை விழுந்தது, எதிர் வண்டிகளை நிறுத்தி நமக்கு வழி விடுகிற அம்புக்குறி இல்லாத வெறும் பச்சை. எதிரே ஒரு பெரிய பிக்கப் டிரக் நின்று எனக்கு ரோட்டை மறைத்தது. நான் காத்திருந்தேன். சிவப்பு விழுந்தது. மறுபடி பச்சை, மறுபடி காத்திருந்தேன். மூன்று தடவை இப்படி ஆனது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒரு அம்மா காரை விட்டு இறங்கி வந்து என் வண்டியின் இடது ஜன்னலைத் தட்டினார். இந்த ஊர் வண்டிகளில் ஓட்டுகிறவர் உட்காருவது இடது பக்கம்தான், என் வண்டியில் அந்த சீட்டில் யாரும் இல்லை. குனிந்து பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

அடுத்த பச்சையில் நேராகப் போனேன். திரும்புகிற லேனிலிருந்து நேராகப் போவது தப்புதான். அடுத்த மூன்று தெருக்களிலும் வலது, வலது, வலது என்று திரும்பினேன். போக வேண்டிய ரோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து இதே வேலைதான்.

வண்டியைப் பற்றி

இந்த மாதிரி வண்டியில் வேலை செய்ய நினைக்கிற பையன்களுக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் மணி, நான் அதிகம் படித்தவன் இல்லை. பதினாறு வயதில் அப்பாவின் கோயில் சமையல் வேலை விசாவில் ஹூஸ்டன் வந்தேன். ஒரு வருடம் ஹைஸ்கூலில் உட்கார்ந்தேன், ஒன்றும் புரியவில்லை, விட்டுவிட்டேன். இப்போது அப்பா அம்மா ஊருக்கே போய்விட்டார்கள். அண்ணன், அண்ணி, நான் மூன்று பேர்தான் இங்கே இருந்தோம்.

அண்ணன் வாங்கிய வண்டி ஜப்பானில் ஓடிக் கழித்த சின்ன டிரக். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால்தான் இந்த நாட்டுக்குள் சுலபமாகக் கொண்டுவரலாம். வெள்ளை நிறம். எஞ்சின் சீட்டுக்கு அடியில், அதனால் வெயில் காலத்தில் தொடை வேகும். ஸ்டியரிங் வலது பக்கம், கியர் இடது கையில். பின் தட்டு முழங்கால் உயரம்தான், மூன்று பக்கமும் திறக்கும். முப்பது கிலோ அண்டாவை முதுகு பிடிக்காமல் ஏற்றலாம். ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் பெரிய வேன் மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டும், இது ஒரே வெட்டில் திரும்பும். ஆனால் ஐம்பது மைலுக்கு மேல் போனால் கதவு நடுங்கும். ஃப்ரீவே வேண்டாம், அதன் ஓரமாகப் போகிற ஃபீடர் ரோடே போதும்.

நாங்கள் வேலை செய்வது வசந்தா ஆன்ட்டியின் கேட்டரிங் கிச்சனில். முதல் நாள் வண்டியைப் பார்த்த ஆன்ட்டி, "ஏன்டா செந்தில், இது என்ன குட்டி யானையா? ஊர்ல தண்ணி கேன் போடுறவன் வச்சிருப்பானே. இதுல என் பிரியாணி போச்சுன்னா யாருடா என்னை மதிப்பாங்க?" என்றார்.

அண்ணன், "பிரியாணி போற இடத்துல யாரு ஆன்ட்டி வண்டியைப் பாக்கப்போறா?" என்றான்.

ஆனால் பார்த்தார்கள். போகிற இடத்தில் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். ஆன்ட்டிக்கு அதிலேயே நாலு ஆர்டர் வந்தது.

இடது சீட்

நான் ஓட்டுவேன், அண்ணன் இடது சீட்டில் உட்காருவான். அவன் ஓட்டினால் நான் தூங்கிவிடுவேன், அதனால் அப்படி வைத்துக்கொண்டோம். வலது பக்கம் ஸ்டியரிங் இருக்கிற வண்டியில், இந்த ஊர் ரோட்டில் இடது பக்கம் திரும்புவது கஷ்டம். எதிரே ஒரு வண்டி நின்றால் அதற்குப் பின்னால் வருவது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. இடது சீட்டில் இருக்கிறவனுக்குத் தெரியும். அண்ணன் பார்த்துச் சொல்லுவான்.

"இரு... ஒரு ஹோண்டா வரட்டும்... இன்னொருத்தன் வரான், போன் பேசிட்டே வரான், போகட்டும்... ம், போலாம்."

ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை இதைக் கேட்பேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இருபத்தொன்பது வயது. வண்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வலது பக்கமே

வலது பக்கம் மட்டும் திரும்பி ஊரைச் சுற்றலாம். ஆறு மைல் தூரம் பதினோரு மைல் ஆகும், அவ்வளவுதான். போன் மேப்பில் அந்தப் பெண் குரல் இடது பக்கம் போகச் சொல்லிக்கொண்டே இருக்கும். சத்தத்தை நிறுத்திவிட்டேன்.

"ஏன்டா மணி, லேட்டு?" என்று ஆன்ட்டி கேட்டார்.

"டிராஃபிக் ஆன்ட்டி."

"பதினோரு மணிக்கு என்னடா டிராஃபிக்?"

பக்கத்து ஊரான ஷுகர்லேண்டில் ஒரு வளைகாப்புக்குப் பன்னிரண்டு மணிக்குக் கொடுக்க வேண்டிய சாப்பாட்டை ஒரு மணிக்குக் கொண்டுபோனேன். அந்த வீட்டு அங்கிள் கத்தவில்லை. "தம்பி, வந்தவங்க எல்லாம் சிப்ஸ் தின்னு முடிச்சுட்டாங்க. மாசமா இருக்கிற பொண்ணு பசியோட உக்காந்திருக்கு," என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆன்ட்டி கிச்சனில் எல்லோர் முன்னாலும் சொன்னார். "இன்னொரு தடவை லேட் ஆச்சுன்னா வேன்காரனைக் கூப்பிட்டுடுவேன். செந்திலுக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தேன்."

அண்ணியும் அதே கிச்சனில் பேக்கிங் பார்க்கிறார். அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி இப்போது அண்ணி பெயரில் இருக்கிறது. ஊருக்கு வெளியே மாட்டுப் பண்ணை வைத்திருக்கிற ஒருவர், வேலி வேலைக்கு இந்த வண்டி விலைக்கு வேண்டும் என்று இரண்டு தடவை போன் செய்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி சொன்னார்.

"தம்பி, வண்டிக்கு வேலை இருந்தா இருக்கட்டும். வேலை இல்லன்னா குடுத்துடலாம். சும்மா வாசல்ல நிக்க வேண்டாம். அது நிக்கிறதைப் பாத்தா உங்க அண்ணன் வந்துட்டாருன்னு நினைச்சுடுறேன்."

சரி என்றேன். எனக்கு வண்டியை விட மனசு இல்லை என்று சொல்லவில்லை. அவன் கடைசியாகக் காசு சேர்த்து வாங்கிய பொருள் அதுதான் என்பது அண்ணிக்குத் தெரியாததா?

கிரகப்பிரவேசம்

அடுத்த சனிக்கிழமை ஊருக்கு வெளியே ரிச்மண்ட் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம். எண்பது பேர் சாப்பாடு, பதினொன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும். பரிமாறுகிற ஆள் வரவில்லை, அதனால் ஆன்ட்டி அண்ணியை என்னோடு அனுப்பினார்.

"பாயசத்தைப் பின்னாடி வைக்காத. போன தடவை மூடி திறந்துக்கிச்சு. மடியில வச்சுக்கோ," என்று ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை அண்ணி கையில் கொடுத்தார். அண்ணி இடது சீட்டில் ஏறினார். அண்ணன் போனபிறகு அதில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்.

நான் வழக்கம்போல வலது பக்கம் திரும்பினேன். மறுபடி வலது.

"தம்பி, இந்தக் கடையை இப்பதானே பாத்தோம்?"

நான் மூன்றாவது வலதுக்கு இண்டிகேட்டர் போட்டேன்.

"ரூட் தெரியலையா?"

"தெரியும் அண்ணி. இடது பக்கம் திரும்ப முடியல. அந்தப் பக்கம் வர்ற வண்டி எனக்குத் தெரியாது. அண்ணன்தான் பாத்துச் சொல்லுவான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "இத்தனை நாள் இதுக்குத்தான் லேட்டா? வாயைத் திறந்து சொல்ல மாட்டியா? அடுத்த சிக்னல்ல திரும்பு. நான் சொல்றேன்."

திரும்புகிற லேனில் போய் நின்றேன். எதிரே ஒரு வெள்ளை பிக்கப், அதுவும் திரும்பக் காத்திருந்தது. அதை ஓட்டிய பெரியவர் எங்கள் வண்டியைப் பார்த்துச் சிரித்து, போங்கள் என்று கையை ஆட்டினார். இந்த ஊரில் அப்படி மரியாதை செய்வார்கள்.

"போலாம், போலாம். அவரே போகச் சொல்றாரு," என்றார் அண்ணி.

கிளட்சை விட்டேன். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. உடனே பிரேக்கை மிதித்தேன். பிக்கப்புக்குப் பின்னாலிருந்து பக்கத்து லேனில் ஒரு கார் எங்கள் மூக்குக்கு முன்னால் பறந்து போனது. பாயசப் பாத்திரத்தின் மூடி கண்ணாடியில் அடித்தது. பாதிப் பாயசம் அண்ணி புடவையில், சீட்டில், கீழே. நல்லவேளை ஆறியிருந்தது.

பச்சை அம்புக்குறி விழுந்ததும் திரும்பி, ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். அண்ணி முந்தானையைப் பிழிந்தார்.

"நான்தான் போலாம்னு சொன்னேனே. ஏன் நிறுத்தின?"

"கார் வந்துச்சு."

"உனக்குத் தெரியாதுன்னு சொன்னியே?"

அப்போதுதான் கவனித்தேன். சிக்னலில் சாய்ந்தவன் இன்னும் நேராக உட்காரவில்லை. கியருக்கு மேலே சாய்ந்திருந்தேன், என் தோள் அண்ணி தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அங்கே சாய்ந்ததால்தான் பிக்கப்புக்குப் பின்னால் இருந்த ரோடு தெரிந்திருக்கிறது. சட்டென்று நிமிர்ந்தேன்.

"மன்னிச்சுக்கோங்க அண்ணி."

"பரவால்ல. அவரு மேலயும் இப்படித்தான் சாய்வியா?"

ஆமாம். ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்ந்திருக்கிறேன். "டேய், என்னைக் கட்டிக்கிட்டவளே இவ்வளவு சாய மாட்டாடா" என்று அவன் தள்ளிவிடுவான். அண்ணியிடம் அதைச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, பாயசக் கையோடு முகத்தை மூடிக்கொண்டார். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்தேன். எல்லோரும் வரும் என்று சொன்ன அழுகை அங்கே வந்தது. ஐந்து நிமிடம் இருக்கும்.

அதன்பிறகு ரிச்மண்ட் வரை நாலு இடது திருப்பம். நாலிலும் சாய்ந்து நானே பார்த்தேன். அண்ணியும் சொன்னார்.

பதினொன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த வீட்டு அம்மா பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். "எண்பது பேருக்கு இதுவா? புது வீட்டுல முதல்ல இனிப்பு வைக்காம எப்படிப்பா இலை போடுறது?"

அண்ணி, "என் தப்புதாம்மா, மடியில கொட்டிட்டேன். காலையில காய்ச்சின பால் இருக்குமே, இன்னும் கொஞ்சம் பால் சேத்து, ஏலக்காய் தட்டிப் போட்டுச் சேமியா பாயசத்தை நீட்டிடுறேன். பத்து நிமிஷம் அடுப்பைக் குடுங்க," என்றார். பாயசம் தண்ணீராக இருந்தது. எல்லோருக்கும் வந்தது.

ஆன்ட்டி கணக்கில் நாங்கள் நேரத்துக்குப் போய்விட்டோம். "பாயசம் போனா போகுது," என்று சொல்லிவிட்டு அடுத்த வார ஆர்டர் சீட்டை என்னிடம் கொடுத்தார். வேன்காரன் பேச்சை எடுக்கவில்லை.

கற்றுக்கொண்டது

எதிரே வருகிற வண்டி எனக்குத் தெரியாது என்று நானே நம்பிக்கொண்டேன். காலியாக இருந்த சீட்டின் மேல் சாய எனக்கு மனசு வரவில்லை, அதுதான் விஷயம். அதை ஆன்ட்டியிடம் முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒரு கர்ப்பிணிப் பெண் பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இந்த வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். இடது பக்கம் திரும்பும்போது லேனில் இடது ஓரமாக நில்லுங்கள். கியர் மேல் சாய்ந்து பாருங்கள். எதிரே இருப்பவர் கையை ஆட்டினால் சிரியுங்கள், நகராதீர்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் கேளுங்கள், ஆனால் நீங்களும் பாருங்கள். வேலையில் உங்களால் ஒன்று முடியவில்லை என்றால் அதே வாரத்தில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

அன்று சாயங்காலம் இடது சீட்டைத் தூக்கி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். அண்ணி வாசலில் நின்று, "எறும்பு வந்துடும், இன்னொரு தடவை கழுவு," என்றார். அப்போது அவருக்குப் போன் வந்தது, அந்தப் பண்ணைக்காரர். அவர் விலையைக் கூட்டிக் கேட்டிருக்க வேண்டும். அண்ணி இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே, தெரிந்த இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்.

"சாரி சார். டுமாரோ வி நீட் தி டிரக்."