கவனம் எண்டு சொல்லி விட்டிட்டினம்

புதன்கிழமை பின்னேரங்களில் நான் குற்றம் படிக்கப் போனேன். வீட்டில் அதற்கு அப்படித்தான் பெயர். தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தின் மேல்வகுப்பில் இருந்த சிலருக்கு, ஒரு பல்கலைக்கழகம் தன் முதலாம் ஆண்டுப் பாடமொன்றை இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது. குற்றவியல் நீதிக்கு ஓர் அறிமுகம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுத நன்றாக இருக்கும் என்றார்கள். மகள் மெடிசின் படிக்கமாட்டாள் என்ற கவலையை அப்போதுதான் ஒருவாறு விழுங்கி முடித்திருந்த அம்மாவுக்கு இது இன்னொரு அடி.

“பொலிஸைப் பற்றிப் படிக்கிறதுக்கு என்ன கிடக்கு? கண்டால் மற்றப் பக்கத்தால போறது. அவ்வளவுதானே,” என்றார் அப்பா.

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. குரோய்டனில் ஒரு காலத்தில் தன் அகதி விண்ணப்பத்தோடு வரிசையில் நின்ற அந்தப் பெரிய கட்டடத்தை ட்ராம் கடக்கும்போது, அப்பா இன்றைக்கும் குனிந்து தன் சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு தரிப்பிடம் தாண்டிய பிறகுதான் தலை நிமிரும்.

அம்மா வேறு ரகம். வயோதிபர்களைப் பராமரிக்கும் கெயார் ஹோம் ஒன்றில் பல வருடங்களாக வேலை. குளிப்பாட்டுவார், ஊட்டிவிடுவார், இரவில் அழுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பார். இங்கிலீஷை அந்தக் கிழவிகளிடமே படித்ததால் அம்மாவும் ஒரு வெள்ளைக்காரக் கிழவியைப் போலவே கதைப்பார். பஸ் டிரைவரும் அவருக்கு ‘டியர்’, வாசலில் வந்து நிற்கும் பார்சல்காரனும் ‘டியர்’. யாருக்கும் பயமில்லை. நாங்கள் வெளியே இறங்கும்போது மட்டும் வாசலில் நின்று, “கவனம், கவனம்” என்று இரண்டு தடவை சொல்வார். தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் அதே கவனம்தான். எனக்கு எரிச்சலாக வரும்.

எங்களுக்குப் படிப்பித்தவர் ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி. மெலிந்த மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அந்த மெல்லிய குரல்தான் என்னைப் பயப்படுத்தியது. வகுப்பு தொடங்கும்போது எல்லோருடைய போனையும் ஒரு கூடையில் போடச் சொல்லி, அதைத் தன் மேசையில் வைத்துக்கொள்வார். இரண்டாவது வாரம், சந்தேக நபரை விசாரிக்கும் முன் பொலிஸ் சொல்லவேண்டிய வாசகத்தை எங்களைப் பாடமாக்கச் சொன்னார். நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஆனால் பிறகு நீதிமன்றத்தில் சொல்லப்போவதை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால் அது உங்களுக்கே பாதகமாகலாம். சொல்வது எதுவும் சாட்சியமாகலாம். சுருக்கமாக அதற்கு ‘கோஷன்’ என்று பெயர்.

அன்றிரவே அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

“பேசாமல் இருக்கலாம், ஆனால் பேசாமல் இருந்தாலும் பிழை. இது உன்ர மாமி கதைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு,” என்று அம்மா சிரித்தார். அப்பாவின் தங்கச்சியைச் சொல்கிறார். “கோஷன் எண்டால் என்ன பிள்ளை?”

“கவனம் எண்டு சொல்லுறது அம்மா. நீங்கள் வாசல்ல நிண்டு சொல்லுவியளே, அதுதான். பிழை செய்தவைக்கு மட்டும் எண்டில்லை. விசாரிக்கிற எல்லாருக்கும் சொல்லுவினம். அதில ஒண்டுமில்லை.”

அம்மா தலையை ஆட்டினார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. நாட்டில் பாதி வழக்கறிஞர்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்கலாம் என்ற நினைப்பு.

பிறகு ஒரு புதன்கிழமை வகுப்பில் விசாரணை நாடகம் நடந்தது. நான் போன் திருடிய சந்தேக நபர், அவர் அதிகாரி. கேள்விகளுக்கு உஷாராகப் பதில் சொன்னேன், ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். அவர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். “போன் மேசையில் இருந்தது,” என்கிறார் அவர். “யெஸ்,” என்கிறது என் குரல். “நீ மேசைக்குப் பக்கத்தில் போனாய்.” “யெஸ்.” “ஒருவரும் பார்க்கவில்லை.” “யெஸ், யெஸ்.” வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. அது என்னுடைய யெஸ் இல்லை. ஒருவர் கதைக்கும்போது, கேட்கிறேன், சொல்லுங்கள் என்பதற்காக எங்கள் வீட்டில் எல்லோரும் போடுகிற ஓம். ஓம், ஓம் என்று நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை, காது கொடுக்கிறோம். அதுதான் இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. “எழுத்தில் வாசிக்கிறவருக்கு ஒரு யெஸ் யெஸ்தான்,” என்றார் மெல்லிய குரலில். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது முன்சீட்டில் ஒரு தமிழ்ப் பெண்மணி போனில் ஓம், ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டேன்.

அரைத்தவணை விடுமுறை முடிந்த கையோடு அம்மா வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அவர் பராமரித்த கிழவி ஒருவரின் மேற்கையில் விரல் பதிந்த மாதிரி நீலமாகக் கண்டியிருந்தது. கிழவியின் மகன் அதைப் பார்த்துவிட்டு முறைப்பாடு செய்திருந்தார். விசாரணை முடியும் வரை வேலைக்கு வரவேண்டாம் என்று மனேஜர் சொல்லிவிட்டார்.

“பிடிச்சது நான்தான்,” என்றார் அம்மா எங்களிடம், ஒளிவுமறைவில்லாமல். “பாத்றூமில சறுக்கிப்போட்டா. இறுக்கிப் பிடிக்காட்டில் தலை அடிபட்டிருக்கும். அவைக்கு வயசு போனால் தோல் பேப்பர் மாதிரி. தொட்டாலே கண்டிப்போகும்.”

“இதை உடனே ஆருக்கும் சொன்னனீங்களோ?” என்று கேட்டேன்.

“அண்டைக்கு ஆக்கள் காணாது. நான் ஒருத்திதான் அந்தத் தளத்துக்கே. பேந்து சொல்லுவம் எண்டு நினைச்சன், மறந்துபோனன்.”

இரண்டொரு நாளில் பொலிஸிலிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டார். இளம் குரல், நல்ல மரியாதை. கைது ஒன்றும் இல்லை, சுயவிருப்பத்தில் வந்தால் போதும், உங்கள் பக்கத்தையும் கேட்டுவிடுகிறோம், சும்மா ஒரு பேச்சு. அம்மா ஒவ்வொன்றுக்கும், “யெஸ், யெஸ், யெஸ் டியர்,” என்றார். நான் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒவ்வொரு யெஸ்ஸும் எங்கேயோ எழுதப்படுகிற மாதிரி எனக்குத் தோன்றியது.

போனை வைத்ததும் அப்பா கேட்டார், “என்னவாம்?”

“சும்மா கதைக்க வரட்டாம்.”

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “அங்கயும் அப்பிடித்தான் சொன்னவங்கள். ஒரு சின்ன விசாரணை, கேட்டுப்போட்டு விடுறம் எண்டு. என்னோட படிச்சவனை உப்பிடிச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனவங்கள்.”

“இது இலங்கை இல்லை,” என்றார் அம்மா. அப்பா கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அந்த நண்பர் திரும்பி வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

நான் என் படிப்பையெல்லாம் கொட்டினேன். சுயவிருப்பம் என்று சொன்னாலும் அதுவும் விசாரணைதான், ஒலிப்பதிவு செய்வார்கள், சொலிசிற்றர் இலவசமாகக் கிடைப்பார், கேட்டால் போதும், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

“குற்றம் செய்தவைதான் லோயரைக் கூட்டிக்கொண்டு போறவை. நான் உண்மையைச் சொல்லப்போறன். உண்மைக்கு ஏன் லோயர்? எனக்கு இங்கிலீஷும் தெரியும்தானே.”

“உண்மையைச் சொன்னாலும் அவை எழுதுற மாதிரி எழுதுவினம் அம்மா.”

“மெத்தப் படிச்சிட்டாய்,” என்றார். கோபமில்லை. ஆனால் முகம் வாடியிருந்தது. சீனியர் கெயாரராக அவரை உயர்த்தப்போவதாக அதற்கு முந்தின மாதம்தான் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை போனால் அவருக்கு இந்த நாட்டில் அம்மா, மனைவி என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. அவர் பயந்தது பொலிஸுக்கு இல்லை, அதற்குத்தான்.

கடைசியில் சண்டை பிடித்து ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் முடிய நானும் கூடப் போவேன், அதற்கு முன் சொலிசிற்றர் ஒருவருடன் பேசி வைப்பேன். அம்மா, “ஓம், ஓம்,” என்றார். எந்த ஓம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

புதன்கிழமை வழக்கம்போல் போனைக் கூடையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வெளியே பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. அன்றைய பாடம், நீதிமன்றம் போகாமலே முடிகிற வழக்குகள். ஆசிரியர் வெள்ளைப் பலகையில் ‘கோஷன்’ என்று எழுதினார். இது தெரிந்ததுதானே என்று நான் பேனையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

“இது அந்தக் கோஷன் இல்லை,” என்றார். “பெயர் ஒன்று, ஆள் வேறு. முதலாவது விசாரணைக்கு முன் எல்லோருக்கும் சொல்வது. இது விசாரணைக்குப் பின் கொடுப்பது. சின்னக் குற்றம் என்றால் கோர்ட் வேண்டாம், ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பலர் வீட்டுக்குப் போகலாம் என்ற ஒரே காரணத்துக்காக வைப்பார்கள். ஆனால் அது குற்ற ஒப்புதல். பதிவில் இருக்கும். பிள்ளைகளோடும் வயோதிபர்களோடும் வேலை செய்கிறவர்களுக்குப் பொலிஸ் பதிவு பார்க்கும்போது அது வெளியே வரும். அவர்களுக்கு அது கோர்ட்டை விடப் பெரிய தண்டனை.”

நான் பேனையை உருட்டுவதை நிறுத்தினேன். கொப்பியின் ஓரத்தில், அம்மாவுக்கு இன்றைக்கே சொல்லவேண்டும் என்று எழுதி, கீழே கோடும் போட்டேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வகுப்பு முடிந்து கூடையிலிருந்து போனை எடுத்தபோது அம்மாவின் மெசேஜ் கிடந்தது. பொலிஸ் இன்றைக்கு நேரம் இருக்கிறது என்று கூப்பிட்டது, போய் முடித்துவிட்டு வருகிறேன், உன் படிப்பைக் குழப்பவேண்டாம் என்று சொல்லவில்லை, யோசிக்காதே. அது வந்து வெகுநேரமாகியிருந்தது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன், அவர் வேலையில். பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்று ஏறுகிற சனத்தை எல்லாம் நான் வெறுத்தேன்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே ரோல்ஸ் பொரிக்கிற வாசம். அம்மா நெற்றியில் காலையில் பூசிய விபூதியோடு அடுப்படியில் நின்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பல நாட்களுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர் பாடுகிறார்.

“வந்திட்டியோ? எல்லாம் முடிஞ்சுது. நல்ல பெடியன் பிள்ளை, தண்ணியெல்லாம் தந்தவன். பிடிச்சனீங்களோ எண்டான், ஓம் எண்டன். இறுக்கியோ எண்டான், இறுக்கித்தான் எண்டன். உள்ளதை உள்ளபடி சொன்னன்.”

“லோயர்?”

“வேணுமோ எண்டு கேட்டவன். லோயர் இல்லாமல் கதைக்கலாமோ எண்டான். யெஸ் டியர் எண்டன்.”

“பிறகு என்ன சொன்னவை அம்மா?”

“கோர்ட், கேஸ் ஒண்டும் இல்லையாம். கவனம் எண்டு சொல்லி விட்டிட்டினம்.”

நான் பையைக் கழற்றாமலே நின்றேன். “கையெழுத்து வாங்கினவையோ?”

“ஓம். நீதானே சொன்னனீ, கோஷன் எண்டால் கவனம் எண்டு சொல்லுறது, எல்லாருக்கும் சொல்லுவினம், அதில ஒண்டுமில்லை எண்டு. அவன் கோஷன் எண்ட உடன எனக்கு விளங்கியிட்டுது. அவனுக்கும் சொன்னன், என்ர மகள் இதைத்தான் படிக்கிறாள் எண்டு.” ஒரு ரோல்ஸை எடுத்து ஊதி என் கையில் வைத்தார். “மனேஜருக்கு மெசேஜ் போட்டிட்டன், திங்கக்கிழமை ஷிப்டுக்கு வாறன் எண்டு.”

அந்த ரோல்ஸைச் சாப்பிட்டேன். முழுவதையும். அம்மா இன்னொன்று வைத்தார். அப்பா வந்து, அவர் முகமும் மலர்ந்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். நான் சொல்லச் சொல்ல அம்மா வழக்கமான ஓம் போட்டுக்கொண்டு வந்தார். நடுவில் ஓரிடத்தில் அந்த ஓம் நின்றுவிட்டது.

பிறகு ஒரு சொலிசிற்றரிடம் போனோம். ஒப்புதல் ஒலிப்பதிவில் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது, திருப்புவது கஷ்டம் என்றார். கெயார் ஹோம் அம்மாவைத் திரும்ப எடுக்கவில்லை. வேறு எந்த ஹோமும் எடுக்கவில்லை. இப்போது ஒரு தமிழ்க் கடையின் பின்னறையில் மரக்கறி பொதி பண்ணுகிறார். சில நாட்களில் சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்திவிட்டுக் கேட்பார், “அப்ப நான் அவவை விழ விட்டிருக்க வேணுமோ?”

நான் வெளியே இறங்கும்போது அம்மா இன்றைக்கும் வாசலுக்கு வருவார். ‘கவனம்’ என்று சொல்ல வாய் திறக்கும். பிறகு மூடும். “பாத்துப் போயிட்டு வா,” என்பார்.