கைப்பிடி எந்தப் பக்கம்

வால்டா பெதிக்குக்கு மீன் பிடிக்கத் தெரியாது, பொரிக்கத்தான் தெரியும். ஆஸ்திரேலியக் கடலோர ஊரான வாலரூவில் முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் பிடிப்பது கணவன் கெல்வினின் வேலை, செதில் உரசி மாவில் புரட்டுவது அவளுடைய வேலை. பள்ளிக்கூடக் கேன்டீனில் சாஸேஜ் ரோல் சூடாக்கித் தருகிறவளுக்குத் தூண்டில் கடையில் என்ன ஜோலி?

ஜோலி வந்துவிட்டது. நான்கு மாதம் முன்பு கெல்வினுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. பேச்சு போகவில்லை, அவன்தான் பேச மாட்டேன் என்கிறான். படுக்கையில் இருந்தபடியே தன் தூண்டில் கோல்களையெல்லாம் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அன்றைக்குப் பிடித்த பயம் அவளுக்கு. மறுபடி ஒரு மீன் பிடித்தால் ஆள் பிழைத்துக்கொள்வான், இல்லையென்றால் சன்னலோர நாற்காலியோடு போய்ச் சேருவான் என்று நினைத்தாள். யார் சொல்லியும் அந்த நினைப்பு மாறவில்லை.

"விலை கம்மியா ஒரு தூண்டில் குடு, டெஸ்," என்றாள் கடைக்காரரிடம். யாருக்கென்று சொல்லவில்லை. சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊரே அனுதாபத்தோடு வாசலில் நிற்கும்.

"கடல் பாலத்துக்கா, கரைக்காம்மா? கரைன்னா பன்னெண்டு அடி வேணும், பாலத்துக்கு ஏழே போதும். நரம்பு சுத்துற ரீலு ரெண்டாயிரத்தைந்நூறா, நாலாயிரமா?"

"நாலாயிரம் டாலரா!"

"அட, அது சைஸ் நம்பரும்மா. கோலும் ரீலும் சேத்தே அறுபது டாலருக்கு இருக்கு."

நரம்பின் கனம், கோலின் வளைவு, பல்சக்கரம் என்று அவர் அடுக்க அடுக்க அவளுக்குத் தலை சுற்றியது. ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள். "இடது கையால சுத்துற மாதிரி இருக்கணும்."

"எல்லாமே அப்படித்தான் வருது. வலது கைக்காரங்களே இடது கையாலதான் சுத்துவாங்க. வேணும்னா கைப்பிடியக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டிக்கலாம்."

வால்டா தலையாட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிறு காலை கெல்வினைக் கெஞ்சிக் கூத்தாடிக் கடற்பாலத்துக்குக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். ஊறவைத்த ரொட்டியைத் தண்ணீரில் தூவினாள், முரல் மீன் கூடட்டும் என்று. தக்கையை மிதக்கவிட்டுக் கோலை அவன் இடது கையில் கொடுத்தாள்.

அப்போதுதான் உறைத்தது. கோலைப் பிடித்திருப்பது இடது கை. சுற்ற வேண்டியதும் அதே கைதான். கைப்பிடியைக் கழற்றி வலப்பக்கம் மாட்டினாள். அங்கே சுற்ற வேண்டிய கை அவன் மடியில் செத்துக் கிடந்தது. திரும்ப இடப்பக்கம் மாட்டினால் கோலைப் பிடிக்க ஆளில்லை. வலம், இடம், மறுபடி வலம், மறுபடி இடம். கெல்வின் பார்த்துக்கொண்டிருந்தான். கடை முழுக்க அலசியவளுக்குக் கை இரண்டு வேண்டும் என்பது மட்டும் எப்படித் தோன்றாமல் போயிற்று? கோலைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிடலாம் என்று அதைக் கையில் வாங்கினாள்.

தக்கை சடாரென்று உள்ளே போயிற்று.

"மேல தூக்குடி நுனிய!" கெல்வின் கத்தினான். "என்ன துடைப்பத்தப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிற! இப்படிக் கொண்டா, எங்கிட்ட கொண்டா!"

அவள் கோலைத் தூக்கிக்கொண்டு அவன் முழங்காலோடு ஒட்டி நின்றாள். அவனுடைய இடது கை எட்டிக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கியது.

"தாழ்த்தாத, தாழ்த்தாத! முப்பது வருஷமா தின்னியே, ஒரு தடவையாவது பாத்தியா எப்படிப் பிடிக்கிறாங்கன்னு?"

"வாய மூடிக்கிட்டுச் சுத்து!" என்றாள் வால்டா. கண்ணீர் மூக்கு வரை வந்துவிட்டது. நான்கு மாதத்தில் அன்றைக்குத்தான் அவனைத் திட்ட அவளுக்குத் தைரியம் வந்தது.