ஈரலில் படிந்த கொழுப்பு

எனக்கு இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோய் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை வெளியே சொல்வதில் கூச்சம் இல்லை. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பாதிப் பேருக்கு அது உண்டு. ஆனால் ஈப்போ நகரத்துக் கிளினிக்கில் வயிற்றை ஸ்கேன் செய்த தமிழ் டாக்டர், ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றபோது, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் ஈரல் கெட்டவர் என்றால், கள்ளுக்கடையே கதியென்று கிடந்தவர் என்று அர்த்தம். என் அப்பா அப்படித்தான் வயிறு வீங்கி இறந்தார். நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. இது குடியால் வந்ததல்ல, இனிப்புநீரோடு சேர்ந்து வருவது, எடையைக் குறைத்துத் தினமும் நடந்தால் குறையும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து என் கணவரிடம், சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் வார இறுதியில் பீர் குடிப்பவர்.

நாங்கள் குடியிருக்கும் சிலிபினில் பக்கத்து வீட்டு அக்கா, சனிக்கிழமை காலைகளில் பொது மண்டபத்தில் பெண்களுக்குப் பாட்டுப் போட்டு ஆடும் உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறார். மூலிகை மாத்திரையும் விற்பார். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

“பாகக்காயும் நிலவேம்பும் பிழிஞ்சு எடுத்த சத்து இது. போட்டுட்டு வந்து ஆடிப் பாரு, கொழுப்பெல்லாம் கரைஞ்சிடும்லா.”

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமாக்கா?”

“எலைதழைக்கு எதுக்கு டாக்டரு?”

கேட்கத்தான் நினைத்தேன். கேட்டால் மறுபடியும் ஈரல் பேச்சு வரும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, சர்க்கரை மாத்திரையோடு அக்காவின் மாத்திரையையும் விழுங்கி, சீக்கிரம் இளைக்கும் ஆசையில் பசியாறாமலே போனேன். ஆட்டத்தின் நடுவே கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் இருந்தவரைப் பிடிக்கப் போய் ஒலிபெருக்கியைத் தள்ளிவிட்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன், நாக்கு குழறியது. பின்வரிசையில் என் மாணவன் ஒருவனின் அம்மா இருந்தார். அடுத்தவரிடம் மெதுவாகத்தான் கேட்டார். என் காதில் விழுந்தது.

“டீச்சர் குடிச்சிருக்காங்களா?”

யாரோ போன் செய்ய, என் கணவர் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். பிறகு எல்லார் முன்னாலும் குனிந்து என் வாயை முகர்ந்து பார்த்தார்.

கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் தெளிந்தேன். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. வேறு என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது சொல்லவேண்டியதாயிற்று.

“அந்த மூலிகையும் சர்க்கரைய எறக்கும். உங்க மாத்திரையும் எறக்கும். வெறும் வயித்துல ஆடுனா கேக்கவா வேணும்? ஈரலுக்கு அது ஒதவுதான்னு இன்னும் ஆராய்ஞ்சுட்டுத்தான் இருக்காங்க. அதை நிறுத்துங்க. நடக்குறத மட்டும் விட்டுடாதீங்க.”

“ஈரலா?” என்றார் கணவர். டாக்டர் விளக்கினார்.

காரில் ஏறியதும் அவர் என் பக்கம் திரும்பினார். “குடிக்கிறது நானு, ஈரல் ஒனக்கா,” என்றார். சிரிக்கவில்லை. “வாய மோந்து பாத்துட்டேன். மனசுல வெச்சுக்காதே.”

நான் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது மாலைகளில் தெரிந்த முகம் இல்லாத வேறொரு பூங்காவுக்குக் காரில் போய், இருவரும் நடக்கிறோம். எடை இறங்கியது. அடுத்த ஸ்கேனில் கொழுப்பும் குறைந்திருந்தது.

பெற்றோர் சந்திப்பு நாளில் அந்த அம்மா வந்து என் எதிரே உட்கார்ந்தார். “இப்ப ஒடம்பு பரவால்லையா டீச்சர்?” என்று அக்கறையாகத்தான் கேட்டார். நான் தலை நிமிராமல் அவர் மகனின் கணிதப் புள்ளிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.