குழாய்க்குள் தோல்

கோட்டைக்குள் இருந்த வீட்டை விட்டுவிட்டு நாங்கள் ஏன் கரமனைக்குப் போனோம்? ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதை நம்புவது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அப்பா சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. "கோட்டைக்குள்ளே காத்தே கிடையாது. கரமனையிலே ஆத்தங்கரைக் காத்து கொள்ளாம், ரொம்ப நன்னா இருக்கும்" என்றார். காற்று வாங்கவா ஒரு மனுஷர் தினமும் அத்தனை தூரம் நடந்து ஆபீசுக்குப் போவார்? பஸ் வந்துவிட்டது, இனிமேல் எல்லாரும் வெளியேதான் குடிபோவார்கள் என்றார் அடுத்தாத்து மாமா. அவர் மட்டும் போகவில்லை.

அம்மாவின் காரணம் குழாய். எங்கள் தெருவுக்கு அது புதிதாக வந்திருந்தது; கரமனைக்கு இன்னும் வரவில்லை. குழாயைத் திறக்கும் திருகிக்குள் தோல் வளையம் இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, பிடித்த குடத்தை அம்மா அப்படியே கவிழ்த்தாள். "தோல் பட்ட ஜலத்திலே சுவாமிக்கு நைவேத்யமா? சிவ சிவா!"

"நம்மாத்துக் கிணறு இருக்கே, அம்மா?"

"போடி, வாயாடி!"

எனக்குப் போனது பள்ளிக்கூடம். அது இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அப்போதுதான் என்னை இங்கிலீஷ் கிளாஸில் சேர்க்கச் சொல்லி டீச்சர் வீடு தேடி வந்திருந்தார். "மிடுக்கிக் குட்டியாணு, படித்தம் நிறுத்தருது" என்று மலையாளத்தில் கெஞ்சினார். கெட்டிக்காரப் பெண்ணாம், படிப்பை நிறுத்தக் கூடாதாம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அடுத்த மாசமே வண்டியில் பாத்திரங்கள் ஏறின. கரமனையிலிருந்து பெண் குழந்தை அத்தனை தூரம் தனியாகப் போவதாவது என்றார்கள். படிப்பு நின்றது. அழுது அழுது எனக்குக் கண் வீங்கியதுதான் மிச்சம்.

சில வருஷத்தில் கரமனைக்கும் குழாய் வந்தது. முதல் ஆளாகக் குடத்தோடு நின்றது யார்? எங்கள் அம்மா!

"உள்ளே தோல் இருக்குமே, அம்மா?"

"இருந்தா என்ன? ஊரே குடிக்கலையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ என் ஸ்கூலை விட்டுட்டு இங்கே எதுக்கு வந்தோம்?"

"அதை விடறதுக்குத்தான்" என்றாள், குடத்தைப் பார்த்தபடியே. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஜலத்துக்குத்தாண்டி. ஏதோ வாய் தவறி வந்துடுத்து. ஒரு கை பிடி, தூக்கணும்."

பிடித்தேன். ஒரு டீச்சரிடம் 'முடியாது' என்று சொல்ல வாய் வராமல் ஒரு குடும்பமே வீடு மாறிப் போகுமா? போகுமா என்ன?