செடி மூட்டில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

புதுச்சேரி வெயிலில் ஸ்ட்ராபெரி வளர்ப்பதே வம்பு. அதை ஏசி அறையில் வளர்த்து, வேரைப் பூஞ்சைக் கரைசலில் முக்கி, எந்த ரகம் சாகாமல் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் உழவர்கரை ஆய்வகத்தில் என் வேலை. நல்ல வேர் வெளுப்பாக இருக்கும், நோய் பிடித்தது கறுத்துவிடும். தாங்கும் ரகம் ஒன்று கிடைத்தால் திட்டம் நீளும், என் வேலையும் நீளும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதனால் எனக்கு இருப்பே கொள்ளாது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் சத்தம் கேட்கும்வரை தவிப்பேன். உப்பளம் பகுதியில் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் தொட்டிகள்தான் கண்ணில் நிற்கும். செடிகள் ஒவ்வொன்றாக வாடின. ஒன்று மட்டும் பச்சென்று நின்றது. பிடுங்கிக் கழுவினேன், வேர் வெள்ளை வெளேர் என்றிருந்தது. தலைகால் புரியாமல் ஆய்வகத் தலைவியான மேடத்திடம் ஓடினேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"எந்தத் தொட்டிம்மா? கதவோரம் இருந்ததா?"

"ஆமா மேடம்."

"ஆயுத பூஜையன்னிக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சேன்ல, சொம்புல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. கால் படற எடத்துல ஊத்தக் கூடாதேன்னு... அதுலதான் ஊத்துனேன்."

அளந்த தண்ணீருக்கு மேல் ஒரு சொட்டு விழக்கூடாது என்று எங்களைப் பாடாய்ப் படுத்தியவர் அவர்! எரிச்சலாக வந்தது. ஆனால் என் வீட்டிலும் பூஜைத் தண்ணீர் செடி மூட்டுக்குத்தான் போகும். மஞ்சள் பூஞ்சையை அடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். செடி தாங்கியதா, மஞ்சள் காப்பாற்றியதா, யார் சொல்வது?

அதே ரகத்தில் வேறு கன்றுகளை எடுத்து மறுபடி ஆரம்பித்தோம். சாகாதே, சாகாதே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே நான்தான் வேர்களைக் கரைசலில் பிடித்திருந்தேன். பிறகு கண்ணாடிக் கதவுக்கும் நாற்காலிக்கும் நடையாய் நடந்தேன். இலை ஓரம் லேசாகச் சிவந்தது. விளக்கு வெளிச்சம் அதிகமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிடுங்கும் நாளில் மேடமும் பக்கத்தில் நின்றார். குழாயைத் திறந்து முதல் கன்றின் வேரைத் தண்ணீரில் காட்டினேன். மண் கரைந்து போனது. தண்ணீர் தெளிந்தே ஓடியது. கறுப்பு போகவில்லை. இன்னும் மண் ஒட்டியிருக்கிறது என்று விரலால் நீவி நீவிக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

மேடம்தான் குழாயை மூடினார்.