செத்தல் மிளகாயில் தெளித்த தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஊரறிந்த விசயம். அப்படியிருந்தும் எங்கள் பெண்கள் விவசாயக் குழுவுக்கு என்னைத்தான் தலைவியாக்கினார்கள். கம்பனிக்காரரோடு முகத்துக்கு நேரே கதைக்க ஒருத்தி வேண்டுமாம்.

குச்சவெளிப் பக்கம் எங்கள் எல்லாருக்கும் துண்டு துண்டாகத்தான் தோட்டம். திருகோணமலைச் சந்தைக்கு மிளகாய் கொண்டுபோனால் வியாபாரி வைத்ததுதான் விலை. போன வருடம் ஒரு கம்பனி தேடி வந்தது. செத்தல் மிளகாயை நல்ல விலைக்கு எடுப்போம், ஆனால் குழுவாகத் தந்தால் மட்டும்தான் என்றார்கள்.

குழுவில் கடைசியாகச் சேர்ந்தவள் என் மச்சாள், என் கணவரின் தங்கை. அவளுடைய புருசன் கடலுக்குப் போகிறவர். மீன் பட்டால்தான் அடுப்பு எரியும். மிளகாயாவது தன் கையில் நிற்கட்டும் என்று வந்தாள். புது ஆள், தோட்டப் பழக்கம் காணாது என்று மற்றவர்கள் இழுத்தடித்தார்கள். நான்தான் வாயடித்துச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். காய்ந்த மிளகாயைச் சாக்கில் அடைக்க முதல் மேலால் கொஞ்சம் தண்ணீர் தெளிப்போம். இல்லாவிட்டால் மிதித்து அடைக்கும்போது நொறுங்கி, விதையெல்லாம் கொட்டிப்போகும். சந்தை வியாபாரியும் கையால் மடக்கிப் பார்ப்பார். முறியாமல் வளைந்தால்தான் அவருக்குத் திருப்தி. கம்பனிக்கு அது ஆகாது. ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தெளிக்க வேண்டாம் என்று தொண்டை வற்றக் கத்தியிருந்தேன். மச்சாளும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.

லொறி வந்த காலை, கம்பனித் தம்பி ஈரம் பார்க்கும் மெஷினை ஒவ்வொரு சாக்காகக் குத்திக்கொண்டு வந்தான். மச்சாளின் சாக்கில் நின்றான். திரும்பவும் குத்திப் பார்த்தான். அவள் முகம் வெளிறிவிட்டது. காலுக்குக் கீழே மிளகாய் நொறுங்குகிற சத்தத்தைப் பொறுக்க முடியவில்லையாம், ஒரு கை தண்ணீர்தான் தெளித்தாளாம். பாவி! அவளை அறைய வேண்டும்போலவும் இருந்தது, அழ வேண்டும்போலவும் இருந்தது.

அந்தத் தம்பி கெட்டவனில்லை. என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அக்கா, இவவைக் குழுவில இருந்து எடுத்துவிடுங்கோ. மற்றச் சாக்கெல்லாத்தையும் இப்பவே ஏத்துறன்."

அந்தச் சாக்கை மட்டும் விட்டுவிட்டு ஆளை வைத்திருக்கலாமே என்று கேட்டேன். ஏலாதாம். ஒருவர் தெளித்தால் குழு முழுவதையும் தள்ளுவது கம்பனிச் சட்டமாம். அவள் குழுவில் இல்லையென்றால் மட்டும்தான் அவனால் சமாளிக்க முடியுமாம்.

திரும்பிப் பார்த்தேன். மற்றப் பெண்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளை எடுத்துவிடு என்பதுதான் அதன் அர்த்தம். எனக்குத் தலைக்கேறிவிட்டது. இவ்வளவு காலமும் இவர்கள் எல்லாரும் தெளித்தவர்கள்தானே!

"ஒருத்தியைத் தள்ளிப்போட்டு ஒரு சாக்கும் ஏறாது தம்பி. லொறியைத் திருப்புங்கோ" என்றேன்.

ஒருவரையும் கேட்டுச் சொல்லவில்லை. லொறி வெறுமையாகப் போனது.

பின்னேரம் மச்சாள் வீட்டுக்குப் போனேன். கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் கதிரைகூட எடுத்துப் போடவில்லை. குசினி வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"உங்களை ஆர் மச்சாள் கேட்டது? என்னை எடுத்திருந்தா என்ர சாக்கோட போயிருக்கும். இப்ப எல்லாற்ற மிளகாயும் என்னாலதான் போனது. இனி நான் எந்த முகத்தோட கடைத்தெருவுக்குப் போறது?"

வந்த வழியே திரும்பி நடந்தேன்.

மிளகாய் முழுவதும் சந்தை விலைக்குத்தான் போனது. கம்பனி பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மச்சாளோடு கோபம் ஒன்றுமில்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் நல்லது கெட்டதுக்கு வீடு வீடாகச் சொல்லி வரும்போது அவள் வீட்டை மட்டும் மறந்துவிடுகிறார்கள். என் வீட்டுக்குத் தவறாமல் வருகிறார்கள்.